எண்ணப்படாத கழுத்து

'பக்கவிளைவு' என்ற சொல்லை முதலில் பிரித்துப் பார்ப்போம். எதற்குப் பக்கம்? மருந்தைச் செய்தவர் எதிர்பார்த்த விளைவு நடுவீட்டில் உட்கார்ந்திருக்கிறது. எதிர்பாராதது திண்ணையோரம் ஒதுங்கி நிற்கிறது. ஆனால் அந்த விளைவைச் சுமக்கும் உடம்புக்கு நடு, ஓரம் என்று இரண்டு கிடையாது. எச்சில் விழுங்க முடியாமல் மூன்று வாரம் தவிக்கிற ஒருத்திக்கு அந்தத் தொண்டைதான் நடுவீடு. அவள் வலியை ஓரத்தில் நிறுத்தியது யார்? அவளைக் கேட்டு யாரும் நிறுத்தவில்லை.

கொரோனா தடுப்பூசிக்குப் பிறகு சிலருக்கு வந்த தைராய்டு அழற்சியைப் பற்றி இங்கே பேசப்போகிறேன். அதைவிட அதிகமாக, அது வந்ததா என்று கேட்கக்கூட ஆளில்லாமல் போன கழுத்துகளைப் பற்றிப் பேசப்போகிறேன்.

"தடுப்பூசிக்கு எதிராக எழுதுகிறீர்களா?" என்று இப்போதே புருவத்தைத் தூக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இல்லை. நான் கொடுங்கையூரில் வசிப்பவள். 2020 கோடையில் ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் தெருத்தெருவாகத் தகரம் அடித்து அடைத்ததைப் பார்த்தவள். 2021 மே மாதம் அரசு மருத்துவமனை வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்தவள். தடுப்பூசி இல்லாமல் அந்த வருடத்தைத் தாண்டியிருக்க முடியாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் பேச்சு ஊசியோடு இல்லை, ஊசி போட்ட மறுநாளிலிருந்து அந்த உடம்பை மறந்துபோன ஏற்பாட்டோடுதான்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தைராய்டு முன்கழுத்தில் பட்டாம்பூச்சி வடிவில் இருக்கும் சிறு சுரப்பி. கிரேக்க மூலத்துக்குக் கேடயம் என்று பொருள் என்பதால் தமிழில் கேடயச் சுரப்பி என்றும் எழுதுகிறார்கள். இந்தக் கேடயம் சில நேரம் அழற்சி கண்டு வீங்கிவிடும். பெரும்பாலும் ஏதாவது வைரஸ் காய்ச்சல் வந்துபோன சில வாரங்களில் இது நடக்கும். கழுத்தைத் தொட்டாலே உயிர் போகும். வலி தாடைக்கும் காதுக்கும் ஏறும். காய்ச்சலும் அசதியும் சேரும். உடைந்த சுரப்பி, தான் சேமித்துவைத்திருந்த ஹார்மோனை ஒரேயடியாக இரத்தத்தில் கசியவிடும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், வியர்க்கும், எடை இறங்கும். சேமிப்பு தீர்ந்த பிறகு எல்லாம் தலைகீழாகும். உடம்பு கனக்கும், குளிரும், எழுந்திருக்கவே மனம் வராது. பல மாதங்கள் கழித்துப் பெரும்பாலானோருக்குச் சரியாகிவிடும். சிலருக்கு மட்டும் சுரப்பி மீளாமல் காலமெல்லாம் மாத்திரை என்றாகிவிடும்.

இதைச் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் ஃப்ரிட்ஸ் தெ கெர்வைன் 1904இலேயே விவரித்து எழுதிவிட்டார். ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகமாக வருகிறது. கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. கழுத்தில் கைவைத்துப் பார்க்க வேண்டும். டிஎஸ்எச், டி4, இஎஸ்ஆர் என்று மூன்று இரத்தப் பரிசோதனைகள் செய்தால் பெருமளவு தெரிந்துவிடும். வைத்தியமும் எளிது. வலிநிவாரணி, கடுமையாக இருந்தால் கொஞ்ச நாள் ஸ்டீராய்டு, படபடப்புக்கு ஒரு மாத்திரை. இதைச் சாதாரண 'தைராய்டு அதிகம்' என்று நினைத்துச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுத்தால் பலன் கிடையாது. சுரப்பி அதிகமாகச் சுரக்கவில்லை, ஒழுகுகிறது. ஒழுகும் பானைக்குக் குழாயை மூடி என்ன பயன்?

இனி ஊசிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு. 2021இல் துருக்கி மருத்துவர்கள் மூன்று பேரைப் பற்றி எழுதினார்கள். செயலிழக்கச் செய்த வைரஸைக் கொண்ட கொரோனாவாக் தடுப்பூசியைப் போட்டுக்கொண்ட பிறகு அவர்களுக்கு இந்த அழற்சி வந்திருந்தது. மூவரும் பெண்கள், மூவரும் மருத்துவத் துறையில் வேலை செய்பவர்கள். அதன்பிறகு பல நாடுகளிலிருந்து, பலவகைத் தடுப்பூசிகளுக்குப் பிறகு, இதேபோன்ற பதிவுகள் வந்தன. நம் நாட்டில் சண்டிகரிலிருந்தும் வந்தது. ஊசி போட்டுச் சில நாளிலிருந்து சில வாரத்துக்குள் என்பதுதான் பொதுவான கணக்கு. தடுப்பூசி உசுப்பிவிட்ட எதிர்ப்பாற்றல் சிலருடைய சொந்தச் சுரப்பியையே அந்நியமாக நினைத்துத் தாக்குகிறதா, தடுப்பூசியில் சேர்க்கும் துணைப்பொருள்கள் தூண்டிவிடுகின்றனவா என்று விளக்கங்கள் சில உண்டு.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கொரோனா தொற்றே இந்த அழற்சியைக் கொண்டுவரும். 2020இல் இத்தாலியின் பீசா நகரிலிருந்து வந்த முதல் பதிவு, தொற்றுக்குப் பிறகு கழுத்து வலியோடு வந்த 18 வயதுப் பெண்ணைப் பற்றியது. ஹாங்காங்கில் லட்சக்கணக்கானவர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, அங்கே போடப்பட்ட இரண்டு தடுப்பூசிகளாலும் தைராய்டுக் கோளாறு கூடியதாகத் தெரியவில்லை. ஆகவே தொடர்பு இருக்கலாம் என்பதுதான் இன்று நேர்மையாகச் சொல்லக்கூடியது. 'இருக்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லுக்குள்தான் என் சண்டை எல்லாம் இருக்கிறது.

ஹாங்காங்கால் பதில் சொல்ல முடிந்தது எப்படி? ஒருவர் எந்த நாளில் ஊசி போட்டார், அதன்பிறகு எந்த மருத்துவமனைக்குப் போனார், என்ன மாத்திரை வாங்கினார் என்று கோத்துப் பார்க்கப் பதிவுகள் இருந்தன. 'இருக்கலாம்' என்பதை 'இல்லை' என்று மாற்றுவதற்கும் எண்ணிக்கை வேண்டும். கொடுங்கையூரில் அந்த எண்ணிக்கை எப்படிப் பிறக்கும் என்று பார்ப்போம்.

எங்கள் பகுதியில் ஏற்றுமதித் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற ஒரு பெண். முப்பதைத் தாண்டிய வயது, இரண்டு பிள்ளைகள். 2021 கோடை கழிந்ததும் முகாமில் ஊசி போட்டுக்கொண்டார். ஒன்றரை வாரத்தில் காதுக்குக் கீழே வலி. "எச்சிகூட முழுங்க முடியலக்கா, காதுல சீழ் வச்சிருக்குன்னு நெனச்சேன்" என்றார் என்னிடம். மெடிக்கல் ஷாப்பில் காதுக்குச் சொட்டு மருந்து வாங்கினார். பிறகு கிளினிக்கில் தொண்டைப்புண் என்று ஐந்து நாள் மாத்திரை. பிறகு கடைவாய்ப் பல் என்று ஒரு பல் போனது. பிறகு படபடப்பு, நடுக்கம், தூக்கமின்மை. அதற்குச் சொன்ன பெயர் 'டென்ஷன்'. வீட்டில் சொன்ன பெயர் 'வேலைக்குப் போகச் சோம்பல்'. மாமியார் சொன்ன பெயர் வேறு, அது இங்கே வேண்டாம். தைராய்டு என்ற சொல் அவர் காதில் விழ இரண்டரை மாதம் ஆனது. அதற்குள் படபடப்பு போய் மந்தநிலை வந்திருந்தது. 'தைராய்டு கம்மி, இனிமே டெய்லி ஒரு மாத்திர' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சில மாதம் கழித்து மறுபடி பரிசோதித்துப் பார்க்க வேண்டும், ஒருவேளை மாத்திரை தேவைப்படாமல் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

இத்தனை படியிலும் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. "ஊசி எப்ப போட்டீங்க?"

அவருக்கு வந்தது ஊசியால்தான் என்று என்னால் சொல்ல முடியாது. அவராலும் முடியாது. அந்த ஊரடங்கு நாட்களில் தொற்றும் வந்துபோயிருக்கலாம். எதுவும் இல்லாமலேயே வந்திருக்கலாம். ஆனால் 'ஊசியால் இல்லை' என்று சொல்லும் அருகதை யாருக்கு இருக்கிறது? கேள்வியே கேட்காதவருக்கு இருக்கிறதா?

'மிக அரிது' என்கிறார்கள். அரிது என்பது ஒரு பின்னம். மேலே ஓர் எண், கீழே ஓர் எண். கீழ் எண்ணை இந்த நாடு அணு பிசகாமல் எழுதிவைத்திருக்கிறது. 2021 ஜனவரி 16 முதல் 220 கோடி டோஸுக்கு மேல், கைபேசி எண்ணோடும் பிரதமர் படத்தோடும் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுத்திருக்கிறது. மேல் எண்ணில் யார் இருக்கிறார்கள்? கழுத்து வலித்ததும் நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போக முடிந்தவர்கள், பரிசோதனைக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள், மருத்துவரே தன் உடம்பைத் தானே கவனித்துக்கொள்கிற மருத்துவப் பணியாளர்கள். துருக்கியின் மூன்று பெண்களும் மருத்துவத் துறைக்காரர்களாக இருந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குத் தம் வலியின் பெயர் தெரியும், யாரிடம் சொல்வது என்றும் தெரியும். தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பவளின் கழுத்து அந்தப் பின்னத்தில் ஏறவே இல்லை. ஏறாதவர்களைக் கழித்துவிட்டு 'அரிது' என்பது கணக்கு ஆகாது.

ஏட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. தடுப்பூசிக்குப் பின் ஏதாவது நடந்தால் மருத்துவ அலுவலர் மாவட்டத்துக்கு எழுத வேண்டும், மாவட்டம் மாநிலத்துக்கு எழுத வேண்டும், கடைசியில் தேசியக் குழு காரணத்தை ஆராய வேண்டும். ஊசி போட்டதும் அரைமணி நேரம் உட்காரச் சொன்னார்களே, அது இந்த ஏற்பாட்டின் வாசல். மயக்கமோ ஒவ்வாமையோ வந்தால் அந்த அரைமணியில் தெரிந்துவிடும். பத்தாம் நாள் வரும் நோய்க்கு அந்த வாசலில் காத்திருப்பு நாற்காலி இல்லை.

அடுத்தது 'தீவிரம்' என்ற அளவுகோல். மரணம், உடல் ஊனம், மருத்துவமனையில் படுக்கை போட்ட நிலை போன்றவைதான் தீவிரம் என்ற கணக்கில் வரும். விசாரணையின் கவனமும் அங்கேதான் குவியும். தைராய்டு அழற்சிக்குப் பெரும்பாலும் படுக்கை வேண்டாம். வேண்டியிருந்தாலும் யார் படுப்பது? பிள்ளைக்குச் சோறு யார் பொங்குவது? லாரித் தண்ணீருக்குக் குடத்தை யார் வைப்பது? காய்ச்சலோடும் கழுத்து வலியோடும் நின்றபடியே நோயைக் கடத்திவிடுகிற பெண்ணின் நோய் ஒருபோதும் 'தீவிரம்' ஆகாது. ஆண் படுத்தால் நோய், பெண் படுத்தால் சோம்பல் என்று வீடு வைத்திருக்கும் சட்டத்தையே அரசுப் படிவமும் தெரியாமல் கடைப்பிடிக்கிறது.

நடிகர் விவேக் நினைவிருக்கும். 2021 ஏப்ரல் 15 அன்று, மக்களுக்கு நம்பிக்கை ஊட்ட வேண்டும் என்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் தேதி மரணம். மாநிலமே பதறியது. அக்டோபரில் தேசியக் குழு ஆராய்ந்து, மரணத்துக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பில்லை, தற்செயலாக ஒன்றையடுத்து ஒன்று நடந்தது என்று முடிவு சொன்னது. அந்த முடிவோடு எனக்கு வழக்கு இல்லை. நான் கவனிப்பது வேறு. 'தற்செயல்' என்று ஒருவரைப் பற்றிச் சொல்ல ஆவணங்களைத் திரட்ட வேண்டியிருந்தது, நிபுணர்கள் உட்கார வேண்டியிருந்தது, ஆறு மாதம் ஆனது. எங்கள் பகுதிப் பெண்களுக்கு அதே சொல் ஆறு நொடியில் கிடைக்கிறது. 'தற்செயல்' என்பது விசாரணையின் முடிவில் வர வேண்டிய சொல். விசாரணைக்குப் பதிலாக வரக்கூடாத சொல்.

வடசென்னையில் இன்னொரு தந்திரமும் உண்டு. எங்கள் ஊரில் எந்த நோய்க்கும் காரணம் கைவசம் தயார். மூச்சு முட்டினால் குப்பைமேடு, தோல் அரித்தால் தண்ணீர், தலை வலித்தால் எண்ணூர்ப் புகை. 250 ஏக்கருக்கு மேல் விரிந்து, பல பத்தாண்டுகளாக நகரத்தின் குப்பையைத் தாங்கும் கிடங்கின் பக்கத்தில் இருக்கிறோம். அது போதாதென்று அங்கே எரிஉலை வேறு வேண்டும் என்கிறார்கள். இந்தக் காரணங்கள் பொய் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லும்போது எதையும் ஆராய வேண்டியதில்லை என்றாகிறது. "உங்க ஏரியா அப்படி" என்ற ஒரு வாக்கியம், குப்பைக்கிடங்கைப் பற்றிய விசாரணையையும் நிறுத்திவிடுகிறது, உடம்பைப் பற்றிய விசாரணையையும் நிறுத்திவிடுகிறது.

எண்ண முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2020 ஜூலையில் சென்னை மாநகராட்சியும் ஐசிஎம்ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் சேர்ந்து பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் பேரின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தன. சென்னை முழுவதற்கும் 21.5 சதவீதத்தினருக்குத் தொற்று வந்துபோயிருந்தது. கொடுங்கையூர் அடங்கிய தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44 சதவீதம். நகரத்திலேயே அதிகம். வைரஸ் எத்தனை பேரைத் தொட்டது என்று அறிய எங்கள் நரம்பில் ஊசி குத்தி இரத்தம் எடுக்க முடிந்தது. நகரத்தின் மற்ற பகுதிகளுக்கு ஆபத்து என்கிறபோது எங்களை எண்ணத் தெரிகிறது. ஆபத்து எங்களோடு நின்றுவிடும்போது எண்கள் தீர்ந்துபோகின்றன.

"இதையெல்லாம் பேசினால் மக்கள் பயந்துவிடுவார்கள், தடுப்பூசிக்கு வரமாட்டார்கள்" என்பது படித்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். நல்ல எண்ணத்தோடு சொல்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அது சரியா என்று பார்ப்போம்.

2021 ஏப்ரலில், மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும் பெண்கள் ஊசி போடக்கூடாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி பரவியது. அது பொய் என்று மத்திய அரசு அறிவித்தது. பொய்தான். ஆனால் ஊசி போட்ட பெண்கள் பலர் தீட்டு தள்ளிப்போனதையும் அதிகமாகப் போனதையும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள். தடுப்பூசிச் சோதனைகளில் பங்கேற்ற பெண்களிடம் அதைக் கேட்டுப் பதிவு செய்யவே இல்லை. பிறகு அமெரிக்காவில் காத்தரின் லீ, கேத்ரின் கிளான்சி என்ற இரு பெண் ஆய்வாளர்கள், தங்கள் உடம்பிலேயே மாற்றத்தைப் பார்த்து, மற்ற பெண்களைக் கேட்கத் தொடங்கினார்கள். 2022இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஒழுங்காக மாதவிடாய் வருகிறவர்களில் 42 சதவீதம் பேர் வழக்கத்தைவிட அதிக இரத்தப்போக்கைச் சொன்னார்கள். வேறொரு ஆய்வு சுழற்சி ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போகிறது, அதுவும் தற்காலிகம்தான் என்று காட்டியது. 2022 அக்டோபரில் ஐரோப்பிய மருந்து முகமை எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் விளைவுப் பட்டியலில் அதிக இரத்தப்போக்கைச் சேர்க்கப் பரிந்துரைத்தது. பெண்கள் பயந்து ஓடினார்களா? 'பயப்பட ஒன்றுமில்லை' என்பதை ஆதாரத்தோடு சொல்ல முடிந்ததே இந்தக் கேள்விகளுக்குப் பிறகுதான். கேட்காமல் விட்ட ஓராண்டில் அந்த இடத்தை நிரப்பியது வாட்ஸ்அப்.

இன்னும் கனமான உதாரணம் உண்டு. நம் ஊரில் கோவிஷீல்டு என்று போடப்பட்ட அதே ஆஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி ஐரோப்பாவில் சிலருக்கு அபூர்வமான இரத்தக்கட்டியை உண்டாக்கியது. எண்ணினார்கள். 2021 ஏப்ரல் 7 அன்று ஐரோப்பிய மருந்து முகமை அதை மிக அரிய பக்கவிளைவாகப் பட்டியலிடச் சொன்னது. அதுவரை பதிவானவர்களில் பெரும்பாலோர் 60 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்கள். ஜெர்மனி அந்த ஊசியை 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒதுக்கியது. பிரிட்டன் இளவயதினருக்கு மாற்று ஊசி கொடுத்தது. பெண்களை எண்ணியதால் அங்கே தடுப்பூசித் திட்டம் செத்துவிடவில்லை, திருந்தியது. நம் நாட்டில் பெரும்பாலோர் 2024இல், பிரிட்டன் நீதிமன்றத்தில் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது செய்தியானபோதுதான், மூன்று வருடம் கழித்துப் பீதியடைந்தார்கள். பயத்தை வளர்த்தது பேச்சா, மௌனமா?

அமெரிக்காவில் தடுப்பூசியின் முதல் மாதக் கணக்கைப் பாருங்கள். டோஸ் போட்டுக்கொண்டவர்களில் 61 சதவீதம் பெண்கள். பாதிப்பு என்று பதிவானவற்றில் 79 சதவீதம் பெண்கள். பெண்ணின் எதிர்ப்பாற்றல் வேகமாக எழும், தன்னையே தாக்கும் நோய்களும் பெண்களுக்குத்தான் அதிகம். இது புதிய அறிவு இல்லை. ஆனாலும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களைத் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து ஒதுக்கிவைக்க 1977இல் அமெரிக்காவில் வழிகாட்டு நெறி போட்டார்கள். அது மாற 1993 ஆனது. ஆண் உடம்பில் அளவெடுத்த சட்டையை நமக்குப் போட்டுவிட்டு, கை நீளம் சரியில்லை என்றால் 'உன் கைதான் தப்பு' என்கிற மருத்துவம் இது.

இந்தப் பக்கம் திரும்பினால் இன்னொரு கூட்டம் நிற்கிறது. "பார்த்தீர்களா, அதனால்தான் ஊசியே வேண்டாம் என்றோம்" என்று கஷாயப் பாட்டிலோடு வருகிறவர்கள். கழுத்து வலித்தவளைக் கண்டதும் இவர்களுக்குக் கொண்டாட்டம். அவளுக்கு இஎஸ்ஆர் பார்க்க வேண்டும் என்று இவர்களில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அவள் ஒரு சாட்சி, அவ்வளவுதான். ஊசி போடாமல் தொற்று வந்திருந்தால் அதே கழுத்து அதைவிட மோசமாக அழற்சி கண்டிருக்கலாம் என்பதை இவர்கள் சொல்லமாட்டார்கள். மாதவிடாயைத் தீட்டு என்று ஒதுக்கும் அதே ஆட்கள் திடீரென்று கர்ப்பப்பையின் காவலர்களாக வந்து நிற்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. ஒரு கூட்டம் அவளை மறைக்கிறது, மறு கூட்டம் அவளைக் காட்சிக்கு வைக்கிறது. இரண்டு பேருமே அவளைக் கேட்கவில்லை.

பெண்ணியவாதிகளுக்கு இதில் ஒரு முன்வரலாறு இருக்கிறது. 2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் ஏறத்தாழ 24,000 சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டுப் பார்க்கும் திட்டம் நடந்தது. பழங்குடிச் சிறுமிகள் பலர். ஏழு சிறுமிகள் இறந்தார்கள். 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்றுதான் விசாரணை சொன்னது. ஆனால் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டிருந்ததும், பாதிப்புகளைக் கண்காணிக்கச் சரியான ஏற்பாடு இல்லாததும் வெளியே வந்தன. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அன்று அந்தக் கேள்விகளை எழுப்பியவர்களில் பெண்கள் நலவாழ்வு அமைப்புகள் முன்னால் நின்றன. 'ஊசி வேண்டாம்' என்பதற்கும் 'எங்களைக் கேள், எங்களைக் கவனி' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் அப்போதே கோடு போட்டுக் காட்டினார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 2022 மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று சொன்னது. அதே தீர்ப்பில், பாதிப்புகளைத் தனிநபர்களும் தனியார் மருத்துவர்களும் நேரடியாகப் பதிவு செய்யப் பொதுவான வழி வேண்டும் என்றும் அரசுக்குச் சொன்னது. முதல் பாதி எல்லாருக்கும் தெரியும். இரண்டாம் பாதி கொடுங்கையூர் வரை நடந்து வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில், மகள்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில் மத்திய அரசு தன் நிலையைச் சொன்னது: ஊசி கட்டாயம் இல்லை, ஆகவே இழப்பீட்டுக்கு அரசு பொறுப்பாகாது, வேண்டுமானால் சிவில் நீதிமன்றம் போகலாம். ஊசி இல்லாவிட்டால் வேலைக்கு வராதே என்ற கம்பெனி வாசலும், ஊசி இல்லாதவர்களுக்கு இடமில்லை என்ற கடைவாசலும் அந்தப் பிரமாணப் பத்திரத்தில் இல்லை.

சென்னையில் தடுப்பூசிச் சோதனையில் பங்கேற்ற ஒருவர் 2020 நவம்பரில், தனக்கு நரம்புப் பாதிப்பு வந்தது என்று ஐந்து கோடி ரூபாய் இழப்பீடு கேட்டார். தடுப்பூசிக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று மறுத்த சீரம் நிறுவனம், 100 கோடிக்கு மேல் கேட்டு அவதூறு வழக்குப் போடுவோம் என்றது. அவர் சொன்னது சரியா தவறா என்பதற்குள் நான் போகவில்லை. ஆங்கிலமும் வக்கீலும் உள்ள ஆணுக்கு அந்தப் பதில் என்றால், கைரேகை தேய்ந்த துப்புரவுத் தொழிலாளப் பெண் எந்த வாயால் பேசுவாள்?

ஆகவே என் கோரிக்கைகளைப் பெரிய வார்த்தைகள் இல்லாமல் சொல்கிறேன். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளிச் சீட்டில் 'கடைசியாக எந்தத் தடுப்பூசி, எந்தத் தேதி' என்று ஒரு வரி அச்சிடுங்கள். கழுத்து வலியும் படபடப்புமாக வருகிற பெண்ணை 'டென்ஷன்' என்று அனுப்பும் முன் கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். டிஎஸ்எச், இஎஸ்ஆர் பரிசோதனையை அங்கேயே இலவசமாகச் செய்யுங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள் பெண்கள்தான். எங்கள் பெண்கள் வாய்திறந்து பேசுவதும் அவர்களிடம்தான். அவர்கள் கையில் ஒரு பாதிப்புப் பதிவுப் படிவத்தைக் கொடுங்கள், அந்த வேலைக்குச் சேர்த்துச் சம்பளமும் கொடுங்கள். வந்த பதிவுகளை ஆண், பெண் என்று பிரித்து, மண்டலவாரியாக வெளியிடுங்கள். ஊசி போட்ட பிறகு உடம்பு முடியாமல் போகிற நாட்களுக்குத் தினக்கூலிக்காரிக்குக் கூலி கொடுங்கள். யாருடைய தவறு என்று நிரூபிக்கும் பாரத்தைப் பாதிக்கப்பட்டவள் தலையில் வைக்காத இழப்பீட்டுச் சட்டம் பிரிட்டனில் 1979இலிருந்து இருக்கிறது, அமெரிக்காவில் 1986இல் வந்தது. குறை சொல்ல இடமுள்ளவைதான் அவையும். இங்கும் அப்படியொன்று வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

பெண்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊசி போட்டுச் சில வாரத்துக்குள் முன்கழுத்தில் வலி வந்து காதுக்கு ஏறினால், நெஞ்சு காரணமில்லாமல் அடித்துக்கொண்டால், பல்லைப் பிடுங்கக் கொடுக்கும் முன் தைராய்டு பார்த்தீர்களா என்று கேளுங்கள். ஊசி போட்ட தேதியைக் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதினார்களா என்று சீட்டை வாங்கிப் பாருங்கள். தைராய்டு கம்மி என்று மாத்திரை தொடங்கினால், எப்போது மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்திருங்கள். அடுத்த ஊசியைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள், மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.

இதெல்லாம் முடிந்துபோன கொரோனாக் கதை என்று நினைப்பவர்களுக்கு: 14 வயதுச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. நல்ல காரியம். வடசென்னையின் ஒவ்வொரு சிறுமிக்கும் அது கிடைக்க வேண்டும். கையை நீட்டப்போகிறவர்கள் நம் மகள்கள். ஊசி போட்ட பத்தாம் நாள் ஒருத்தி பள்ளிக்கூடத்தில் "மிஸ், கழுத்து வலிக்குது" என்றால் அதைக் கேட்டு எழுதிக்கொள்ள ஓர் ஏடு இருக்குமா? அவள் சொன்னதில் பத்தில் ஒன்பது உண்மையிலேயே தற்செயலாக இருக்கலாம். பத்தையும் எழுதினால்தான் எந்த ஒன்பது என்று தெரியும்.

கல்யாணத்துக்குச் சம்மதிப்பதைக் கழுத்தை நீட்டுவது என்று சொல்லும் மொழி நம்முடையது. பெண்ணின் கழுத்தைச் சங்கு என்று பாடிய மொழியும் இதுதான். கட்டுவதற்கும் பாடுவதற்கும் கண்ணில் பட்ட கழுத்து, நோய் என்று வரும்போது மட்டும் ஏன் கண்ணில் படுவதில்லை? இந்தக் கழுத்துகளை எண்ணுங்கள். எண்ணி முடித்த பிறகு, தடுப்பூசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று ஆதாரத்தோடு நிறுவினால் ஏற்றுக்கொள்ளும் முதல் ஆளாக நான் இருப்பேன். அதுவரை 'அரிது' என்ற சொல்லைக் கொடுங்கையூருக்குள் கொண்டுவராதீர்கள்.